விண்ணப்பத்தில் ஒரு ஆடு

ஸ்வோலெ, ஜனவரி 14

அன்புள்ள அக்கா ரென்ஸ்கெவுக்கு,

உன் தம்பி யோரிட் எழுதுவது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் முதுகுவலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவாய்; இருந்தாலும் கேட்கிறேன், சௌக்கியமா? ஹார்லிங்கனில் கடல்காற்று இன்னும் உன் சைக்கிளைத் தள்ளிவிட்டுக்கொண்டுதான் இருக்கிறதா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் முக்கியமான விஷயமெல்லாம் தாளில்தான் என்று கிறிஸ்துமஸ் அன்று சட்டம் போட்டது நீ. போட்டவளே அனுபவி.

உதவித்தொகை அலுவலகத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் வேலை பார்த்த சைக்கிள் பாகங்கள் கம்பெனி மூடியதிலிருந்து நாலு வருஷம், நாற்பத்து மூன்று விண்ணப்பம், ஒன்பது நேர்காணல். வேலை இல்லை. இது கடைசி வருஷமாம். ஒரு வேலை ஆலோசகரை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் என்னோடு அலைந்து வேலை தேடித் தருவார். வருஷ முடிவிலும் கிடைக்காவிட்டால் ‘வேலைக்கு ஏற்றவர் அல்ல’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். சாகும்வரை வீட்டில் சும்மா இருக்கலாம், ஒருத்தரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். முப்பத்தாறு வயதில் என்னைப் பரணில் ஏற்றிவைக்கப் பார்க்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

மூன்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். மார்ச் முதல் தேதி கெடு. ஒருமுறை எடுத்தால் மாற்ற முடியாது. அதனால் மூன்று பேரையும் நானே நேர்காணல் செய்யப்போகிறேன். ஒன்பது நேர்காணலிலும் எல்லோரும் தேனாகப் பேசினார்கள், ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. உன் ஜன்னல் திரை அசிங்கமாக இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்கிற ஊர் இது. கண் தெரியாதவனைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் எங்கிருந்தோ மரியாதை வந்துவிடுகிறது. அது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

இந்தத் தாள் வெள்ளையாக வந்தால் தெரிவி. பிரிண்டரில் மை தீர்ந்திருக்கும். என் முதல் விண்ணப்பம் அப்படித்தானே போனது. மூன்று வெள்ளைத்தாளைப் பார்த்துவிட்டு ‘உங்கள் தகுதிகள் எங்களைக் கவர்ந்தன, ஆயினும்’ என்று பதில் போட்டார்கள். அதற்கப்புறம் எல்லாவற்றையும் நீதான் அழகுபடுத்தித் தபாலில் போடுகிறாய். அந்த நன்றியுடன்,

யோரிட்


ஹார்லிங்கன், ஜனவரி 19

அன்புத் தம்பிக்கு,

தாள் வெள்ளையாக வரவில்லை, கோபத்தோடு கறுப்பாகத்தான் வந்தது. முதுகுவலியைப் பற்றி எழுத மாட்டேன். இடுப்புக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

இங்கே நூலகத்தில் தலைமை நூலகர் ஓய்வு பெறுகிறார். நான் விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. பார்ப்போம்.

நீ எழுதிய மூன்று பெயரையும் இணையத்தில் பார்த்தேன். மௌரிட்ஸ் என்பவரையே எடுத்துக்கொள். கண்ணில் அப்படி ஒரு கனிவு. முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். ட்ரூஸ் என்கிற அம்மாள் புகைப்படத்திலேயே யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள்.

யாரை எடுத்தாலும் ஒன்று. விண்ணப்பம் அனுப்புகிற வேலையை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடாதே. எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர் அதிகம்.

அக்கா ரென்ஸ்கெ


ஸ்வோலெ, பிப்ரவரி 8

அக்காவுக்கு,

நலம்தான், சளியைத் தவிர. உன் கடிதத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிடம் கொடுத்தேன். ‘இடுப்புக்கு இறங்கிவிட்டது’ என்பதை ரயில் வருகிற மாதிரி அறிவித்தது. இடுப்பு இப்போது எந்த நிலையத்தில் நிற்கிறது?

இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். உன் மௌரிட்ஸுக்கு வெல்வெட் குரல். தோளில் கை வைத்தார், எடுக்கவே இல்லை. பிஸ்கட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். “உங்களுக்குள்ள ஒரு வெளிச்சம் இருக்கு யோரிட்” என்றார். இதுவரை கண் தெரியாத எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அதில் இரண்டு பேரிடம் நான் பேசலாமா என்று கேட்டேன். அது அந்தரங்க விஷயமாம், மனிதர்களை எண்ணிக்கையாக அவர் பார்ப்பதில்லையாம். பூஜ்யம் என்பதை இவ்வளவு அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாமவர் பெரிய நிறுவனம். எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிக் கத்தினார். பிறகு நாற்பது நிமிஷம் சுவரில் படம் போட்டுக் காட்டினார். “இந்தப் பச்சைக் கோடு எப்படி மேல போகுது பாருங்க” என்றார். போகிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

மிச்சம் உன் திட்டுகிற அம்மாள். இருபத்தைந்தாம் தேதி போகிறேன்.

யோரிட்


ஹார்லிங்கன், பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

சளிக்கு வெந்நீரும் தேனும் குடி. இந்த வாரம் நான் வைத்த பட்டாணி சூப்பில் கரண்டி செங்குத்தாக நின்றது, அவ்வளவு கெட்டி. நீ இருந்தால் ஒரு பானை காலியாகியிருக்கும்.

மௌரிட்ஸை ஏன் கிண்டல் செய்கிறாய்? பிஸ்கட்டைக் கையில் கொடுப்பது ஒரு குற்றமா? உன்னிடம் மென்மையாக நடந்துகொள்கிற ஆள் கிடைத்தால் விடாதே. உலகம் முழுக்க முரடர்கள்தான் இருக்கிறார்கள், உனக்குத் தெரியாது.

நூலக வேலைக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஜூலையில்தான் நேர்காணல். இப்போதே பதில்களை ஒப்பித்துப் பார்க்கிறேன்.

அக்கா


ஸ்வோலெ, பிப்ரவரி 27

அக்காவுக்கு,

சளி போயிற்று. மனசு துள்ளுகிறது. ட்ரூஸைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். திட்டுவதற்கு முன் முழுக்கப் படி.

அவள் அலுவலகத்துக்குள் போனேன். காப்பி வாசனை, கேக் வாசனை, வட்டமாக நாற்காலிகள், யாருக்கோ பிறந்தநாள். பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, வந்திருக்கிற எல்லோரையும் வாழ்த்தாமல் உட்கார்ந்தால் இந்த ஊரில் மிருகம் என்பார்கள் இல்லையா? வட்டம் முழுக்கச் சுற்றி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து “பிறந்தநாள் வாழ்த்துகள், உங்களுக்கும் வாழ்த்துகள்” என்று சொல்லிவிட்டு ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு துண்டு கேக் வந்தது. பிறந்தநாள்காரரின் மச்சான் என்று என்னை நினைத்துவிட்டார்கள். அவருடைய அத்தையின் குடலிறக்க ஆபரேஷனைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டேன். பிறந்தநாள்காரரே வந்து “நீங்க என் மச்சான்னு சொல்றாங்க. என் மனைவி மார்லேனுக்குத் தம்பியே இல்லையே?” என்றார். மச்சானின் பங்குக் கேக்கைத் தின்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது; ட்ரூஸைப் பார்க்க வந்தவன் என்றேன்.

ஒருத்தி மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தாள். அதுதான் ட்ரூஸ். சிரித்து முடித்துவிட்டு, “சட்டையில கிரீம், இடது பக்கம். தாடியும் ஒரு பக்கம் நீளமா தொங்குது. இப்படியேவா ஒன்பது இண்டர்வியூவுக்குப் போனீங்க?” என்றாள்.

அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்.

என் கேள்வியைக் கேட்டேன். “ஏழு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கேன். அதுல ரெண்டு பேருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவங்க நம்பரையே தரேன், கூப்பிட்டுப் பாருங்க” என்றாள். கூப்பிட்டேன். இரண்டு பேரும் அவளை வாய் வலிக்கத் திட்டினார்கள். இரண்டு பேரும் தங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து திட்டினார்கள். எனக்கு அது போதும்.

தாடி நிஜமாகவே அப்படியா? நீ சொல்லவே இல்லையே.

யோரிட்


ஹார்லிங்கன், மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

இடுப்பு பரவாயில்லை. பதில் தாமதம், நூலகத்தில் கணக்கெடுப்பு நடந்தது. இங்கே மூன்று நாளாகப் புயல், படகுகள் எதுவும் போகவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டாய், இனி நான் சொல்லி என்ன ஆகப்போகிறது. முதல் சந்திப்பிலேயே ஒரு ஆளின் சட்டையைப் பற்றிப் பேசுகிறவளிடம் உன் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறாய். நன்றாக இரு.

தாடி உனக்கு ஒரு தனிக் கம்பீரம் தருகிறது.

அக்கா


ஸ்வோலெ, ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நலம். தாடியைப் பற்றி நான் கேட்ட கேள்வி வேறு, நீ சொன்ன பதில் வேறு. அது இருக்கட்டும்.

ட்ரூஸ் நேற்று என் விண்ணப்பக் கட்டை எடுத்தாள். புரட்டிப் பார்த்துவிட்டு, “யோரிட், இந்த போட்டோவில ஏன் ஒரு ஆடு நிக்குது?” என்றாள்.

நானும் அதையே கேட்கிறேன். வெள்ளைத்தாள் போக மீதி நாற்பத்திரண்டு கம்பெனிக்குப் போன என் படத்தில் ஏன் ஒரு ஆடு நிற்கிறது?

இன்னொன்று. என்னை நிராகரித்த எல்லா இடத்துக்கும் அவள் போன் செய்யப்போகிறாள். உண்மையான காரணம் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாளாம். எல்லோரிடமும் அப்படித்தான் செய்வாளாம். ‘கவர்ந்தன, ஆயினும்’ என்கிற வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கடைசியில் எனக்கும் தெரியப்போகிறது. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறாள்.

யோரிட்


ஹார்லிங்கன், ஏப்ரல் 5

தம்பி,

உன் கடிதம் இன்று காலை வந்தது, நின்றுகொண்டே பதில் எழுதுகிறேன்.

சின்ன ஆடுதான். பிள்ளைகள் ஆடு மாட்டைத் தடவிப் பார்க்கிற பண்ணைக்கு நாம் போனபோது எடுத்த படம். அதில்தான் நீ மனசு விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய். ஓரமாகத்தான் நிற்கிறது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பழைய கம்பெனிகளுக்குப் போன் செய்வதெல்லாம் வேண்டாம் என்று ட்ரூஸிடம் சொல். நாகரிகமே இல்லை. முடிந்துபோனதைக் கிளறி என்ன பயன்? வேண்டுமானால் நானே ஸ்வோலெ வருகிறேன், அந்த அம்மாளிடம் பேசுகிறேன். புதிதாக நூறு விண்ணப்பம் போடுவோம், எல்லாவற்றையும் நானே அனுப்புகிறேன். நல்ல படமாக எடுப்போம்.

திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரென்ஸ்கெ


ஸ்வோலெ, மே 2

ரென்ஸ்கெவுக்கு,

இருபத்தாறு இடத்தில் மென்று விழுங்கினார்களாம், மற்ற இடங்களில் என்னை ஞாபகமே இல்லையாம். டேவன்டரில் ஒரு அச்சகத்துப் பெண்மணி மட்டும் கோப்பைத் தேடி எடுத்து, ட்ரூஸுக்குப் போனில் படித்துக் காட்டியிருக்கிறாள். ட்ரூஸ் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் படித்தாள்.

‘மதிப்பிற்குரியீர், இத்துடன் உள்ள விண்ணப்பம் என் தம்பியுடையது. கெட்டிக்காரன், கண் தெரியாது, மனசு மென்மையானது. அவனை எடுத்துக்கொள்ள முடியாது என்றாலும் தயவுசெய்து அன்பாகச் சொல்லுங்கள். இடித்துப் பேசிவிடாதீர்கள். இந்தக் கடிதம் அவனுக்குத் தெரிய வேண்டாம்.’

நீ அனுப்பிய நாற்பத்திரண்டிலும் வைத்தாயா?

கண் தெரியாதவனைக் கண்டால் எங்கிருந்தோ மரியாதை வந்துவிடுகிறது என்று உனக்கு எழுதினேன். அது உன் தபால்பெட்டியிலிருந்துதான் வந்திருக்கிறது. என்னை எடுக்காமல் இருப்பது எப்படி என்று நீயே அவர்களுக்கு வழி காட்டியிருக்கிறாய்.

சௌக்கியமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

யோரிட்


ஹார்லிங்கன், ஜூன் 9

தம்பிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், சௌக்கியமில்லை. ஐந்து வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

ஆமாம், வைத்தேன். நாற்பத்தியொன்றில்; நான் அனுப்பியதில் முதலாவதில் மட்டும் வைக்கவில்லை.

உன் இரண்டாவது விண்ணப்பம் நினைவிருக்கிறதா? நான்தான் காரில் கூட்டிப்போனேன். நீ உள்ளே போனாய், நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். நீ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாய். இரண்டு பேரில் ஒருவன் உன் முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். இன்னொருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நீ பேசிக்கொண்டே இருந்தாய் யோரிட். வெளியே வந்து “நல்லா போச்சுக்கா” என்றாய். உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தந்தேன், பாதியை எனக்குக் கொடுத்தாய்.

அன்றைக்கு உள்ளே போய் அவன் கையை உடைத்திருக்க வேண்டும். துணிச்சல் இல்லை. அதற்குப் பதிலாகக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். யாரும் இனி உன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். அதில் உன் வேலை போகும் என்று நினைக்கவில்லை. நான் செய்தது தப்பு. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடு.

அக்கா


ஸ்வோலெ, ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா? இடுப்பு எங்கே இருக்கிறது?

மூன்று வாரம் உனக்கு எழுதாததற்குக் கோபம் பாதிக் காரணம். மீதிப் பாதிக்கு நேரமில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

முதலில் ட்ரூஸ் ஒரு சாமான் கிடங்குக்கு அனுப்பினாள். படம் இல்லை, ஆடு இல்லை, அக்கா கடிதம் இல்லை. “நீங்க கணக்குல மெதுவா இருக்கீங்க, வேகமான ஆள் வேற ஒருத்தர் கிடைச்சிட்டாரு” என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார்கள். நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் காரணம். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்து நீர்வாரியம், வாய்க்கால் புகார்களைப் போனில் வாங்குகிற வேலை. “மழை நாள்ல மணிக்கு அறுபது பேர் திட்டுவாங்க, தாங்குவீங்களா?” என்று கேட்டாள் அந்த மேலாளர். “எனக்கு ஒரு அக்கா இருக்கா” என்றேன். எடுத்துக்கொண்டாள். வாரத்துக்கு நாலு நாள். ட்ரூஸ் சொன்னதற்காகப் பகுதி முழுக்க உள்ள மதகுகளை இரண்டு வாரம் மனப்பாடம் செய்தேன். கோப்பை மூடக் காத்திருந்தவர்களிடம் அவளே போய், மூடுவதற்குக் கோப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

போன வாரம் ஒரு விவசாயி, “வாய்க்கால் நிரம்பி என் மாடு நீந்துதுய்யா, கண்ணு தெரியலையா உங்களுக்கெல்லாம்?” என்று கத்தினார். “தெரியாதுங்க. ஆனா எந்த மதகு அடைச்சிருக்குன்னு தெரியும்” என்றேன். “அப்ப அதைத் திறந்து தொலைங்க” என்றார். என்னிடம் யாரும் இவ்வளவு இயல்பாகப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று.

இப்போது உன் கண்ணாடிச் சுவர். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் காற்று வரும் அக்கா. எனக்கு அன்றைக்கே தெரியும். சிரிப்பும் கேட்டது. நீ வெளியே உட்கார்ந்திருந்தாய், உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் “நல்லா போச்சு” என்றேன். ஆக, நான் உனக்கு ஒரு பொய், நீ எனக்கு நாற்பத்தியொன்று. கணக்கில் நான் மெதுவு, இருந்தாலும் ஆரம்பித்தது நான்தான். கோபம் போய்விட்டது. போகாமல் என்ன செய்யும், அந்த வறுவலில் பாதியை நீயும் தின்றிருக்கிறாய்.

ஜூலையில் உனக்கு நூலக நேர்காணல் என்றாய். அதற்காக ஒரு கடிதம் தயாரித்திருக்கிறேன்.

‘மதிப்பிற்குரியீர், விண்ணப்பித்திருப்பவர் என் அக்கா. கெட்டிக்காரி, கண் தெரியும். அதனால் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். இருட்டான அறையில் தனியே விடாதீர்கள், நாற்காலியில் முட்டிக்கொள்வார். கரண்ட் போனால் யாராவது தோளைக் கொடுங்கள். பார்வை உள்ளவர்களால் எதுவும் முடியாது என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். ஒரு வேலையை எடுத்தால் நாலு வருஷமானாலும் ஒருநாள் தவறாமல் செய்வார். இதற்கு என்னிடம் நாற்பத்தியொரு சாட்சி இருக்கிறது.’

அனுப்பவில்லை. அனுப்பலாமா என்று முதலில் உன்னைக் கேட்கிறேன். கேட்பது எப்படி என்று பார்த்து வைத்துக்கொள்.

இந்தத் தாள் வெள்ளையாக வந்தால் இத்தனையும் வீண். உடனே தெரிவி.

உன் தம்பி, நீர்வாரியம் யோரிட்


ஹார்லிங்கன், ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியம். இடுப்பும் சௌக்கியம். தாள் கறுப்பாகத்தான் வந்தது. மூன்று தடவை படித்தேன், மூன்றாவது தடவை எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணீர். நூலகத்துக்கு அதை அனுப்பாதே. நான் வைத்துக்கொள்கிறேன்.

இனிமேல் உன்னிடம் மரியாதை கிடையாது. எழுதிக்கொள்.

தாடி நன்றாக இல்லை, நாலு வருஷமாக நன்றாக இல்லை. எடுத்துவிடு. நீலம் என்று நீ போட்டுக்கொண்டு திரிகிற ஸ்வெட்டர் நீலம் இல்லை, பழுத்த பூசணி நிறம். கடையில் நீலம் தீர்ந்துவிட்டது, நான் சொல்லவில்லை. கிறிஸ்துமஸில் நீ செய்த மீன் கறியை நான் பூனைக்குப் போட்டேன். அதுவும் சாப்பிடவில்லை.

ஆடு சின்னது இல்லை. பெரிய ஆடு. படத்தில் பாதிக்கு மேல் அதுதான் நிற்கிறது. நீதான் ஓரமாக இருக்கிறாய்.

அக்கா ரென்ஸ்கெ